சூசைமுத்துவின் பட்டாளத் துப்பாக்கி

சேந்தனேந்தலில் சூசைமுத்துவின் துப்பாக்கியைக் கேலி செய்யாத வாய் இல்லை. நியாயமாகப் பார்த்தால், அந்தத் துப்பாக்கியும் கேலிக்கு இடம் கொடுக்கத்தான் செய்தது. நீளத்தில் ஆளைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கனமோ, தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் வரப்பு அமுங்கும் என்பார்கள். குழலை முனை வரைக்கும் மரக்கட்டை மூடியிருக்கும். அடைமழைக் காலத்தில் அந்தக் கட்டை ஊறி உப்பிக்கொள்ளும். முனையில் கத்தி மாட்டுவதற்கென்று ஒரு கொக்கி வேறு. கருவேலங்காட்டுக்குள் புகுந்தால் அந்தக் கொக்கி முள்ளுக்கு முள் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். தோட்டா மதுரையிலிருந்து வர வேண்டும். சுட்டால் பின்கட்டை தோளை உதைக்கிற உதையில், மறுநாள் கஞ்சிக் கலயத்தை இடது கையால்தான் தூக்க முடியும். இத்தனையும் சகித்துக்கொண்டு சுட்டால் பன்றியாவது விழுகிறதா என்றால், அதுவும் கிடையாது.

ஆனால் சூசைமுத்துவுக்கு அது ஒன்றுதான் துப்பாக்கி. மற்றவர்கள் வைத்திருப்பதெல்லாம் திருவிழா வெடி.

ஜமீன்கள் ஒழிந்த வருஷம், ஒரு சின்ன அரண்மனையில் வேட்டைச் சாமான்களைக் கழித்துக் கட்டியபோது அவன் கண்ணில் பட்டது அது. பட்டாளத்து ரைஃபிளை அச்சாக அப்படியே பார்த்து, வேட்டைக்காரர்களுக்கென்று செய்த உருப்படி. பக்கத்திலேயே மினுமினுவென்று ஒரு ரெட்டைக்குழலும் இருந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பர்மாவில் அவன் தோளில் கிடந்தது இதே மாதிரிதான். சேறு, அட்டை, காய்ச்சல் எல்லாவற்றையும் தாண்டி அவனை உயிரோடு ஊர் சேர்த்தது இதே மாதிரிதான். வாங்கிய அன்றைக்கே அதற்குச் சுறா எண்ணெய் பூசினான். வத்தைக்கு, அதாவது மீன்பிடி படகுக்குப் பூசுகிற எண்ணெய், துருவும் பிடிக்காது, செல்லும் அரிக்காது. நாற்றம் மட்டும் நாலு வயல் தாண்டி அடிக்கும். அதனாலேயே அவன் பெண்டாட்டி லீமாரோஸ் துப்பாக்கியை வீட்டுக்குள் சேர்க்காமல் தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

வத்தைக்காரனுக்கு வயலில் என்ன வேலை என்று கேட்கலாம். ஊரும் அதைத்தான் கேட்டது. சூசைமுத்துவுக்குப் பிறந்த ஊர் தங்கச்சிமடம். பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால், அண்ணன் யாக்கோபுவின் வத்தையில் அணியத்தில் ஈட்டியோடு நிற்கிறவன் அவன்தான். அணியம் என்பது படகின் முன்தலை. அங்கே நிற்பவனுக்குத்தான் மரியாதை. ஆமை மிதந்தாலும் சரி, திருக்கை தரையோடு தரையாகக் கிடந்தாலும் சரி, அவன் கை ஓங்கினால் ஈட்டி வெறுமனே திரும்பாது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் கண்ணை ஏமாற்றும். ஆழத்தில் கிடப்பதை மேலே தூக்கிக் காட்டும். தெரிகிற இடத்தில் எறிந்தால் ஈட்டி முதுகுக்கு மேலே போய்விடும். தெரிகிற இடத்துக்குக் கீழே எறிய வேண்டும். தங்கச்சிமடத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை தானாகத் தாழும்.

சண்டை முடிந்து திரும்பி வந்தபோது அணியத்தில் அண்ணனின் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். சூசைமுத்துவைப் பின்னால் உட்கார்ந்து வலை இழுக்கச் சொன்னார் யாக்கோபு. அன்றைக்குக் கடற்கரையிலேயே இருவருக்கும் வார்த்தை தடித்தது. "ஒன் வத்தையில இனி ஏறுனா நான் எங்க அய்யாவுக்குப் பெறக்கல" என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த நிலத்தில் அவனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. நயினார்கோவிலுக்குக் கிழக்கே இந்தச் சேந்தனேந்தலில், கண்மாயை ஒட்டின மண். உழக் கற்றுக்கொண்டான், நாற்றுப் பாவக் கற்றுக்கொண்டான், ஊராரின் சிரிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவும் கற்றுக்கொண்டான். விளைச்சல் நன்றாகத்தான் வந்தது. வந்ததையெல்லாம் பன்றி தின்றது.

போன வருஷமும் அப்படி, அதற்கு முந்தின வருஷமும் அப்படி. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் கருவேலங்காட்டிலிருந்து ஓர் ஒற்றைப் பன்றி வரும். கூட்டத்தோடு சேராத கிழட்டு ஆண். தின்பது கொஞ்சம், உழப்புவது முழு வயல். இந்த வருஷம் மார்கழி பிறந்து கதிர் பால் பிடித்ததும் மறுபடி வந்தது. சூசைமுத்து ஊர்க்காரர்கள் பார்க்கப் பட்டப்பகலில் அதைச் சுட்டான். மண்டியிட்டு, மூச்சை அடக்கி, பட்டாளத்தில் பழக்கின முறையில் துளி பிசகாமல் சுட்டான். குண்டு பன்றியின் முதுகுக்கு மேலே போய், பின்னால் நின்ற பனையில் பொத்தென்று இறங்கியது. பன்றி ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அவன் போல்ட்டை இழுத்து மறு தோட்டா ஏற்றுவதற்குள் அது பரமக்குடிக்கே போயிருக்கும்.

பக்கத்து வயல் கூத்தையாதான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்ன மாப்ள, பன்னிக்கு மேல போன காக்காயக் குறி வச்சியளாக்கும்?"

"தோட்டா நமுத்துப் போச்சு" என்றான் சூசைமுத்து.

"போன வருசமும் நமுத்துத்தான் போச்சு."

"மழை போன வருசமும் பேஞ்சுச்சுல்ல?"

ஊரே சிரித்தது. பனையில் நாலு தோட்டாவைச் சுட்டுப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே விளங்கியிருக்கும். ஆனால் பர்மாவில் சண்டை போட்டவன், துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்று பனைமரத்திடம் போய்க் கேட்பானா? கேட்க மாட்டான். அவன் சுபாவம் அப்படி.

அன்று சாயங்காலம் ஹமீது சுல்தான் வந்தார். தேவிபட்டினத்துக்காரர், ஊர் வாயில் மரைக்காரு. சூசைமுத்துவின் வயலுக்குத் தெற்கே அவருக்கும் நிலம் உண்டு. அறுவடை முடியும் வரைக்கும் இங்கேயே தங்குவார். நடுவில் பாம்பனுக்குப் போய்ச் சங்கு வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு வருவார். அவரிடம் ஒரு ரெட்டைக்குழல் இருந்தது. கௌதாரி, முயல் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது அது சத்தம் போடும். பன்றி அவர் மார்க்கத்துக்கு ஆகாது என்பதால், அதற்கென்று ஒரு தோட்டாவைக்கூட அவர் வீணாக்கியதில்லை. ஆனால் பன்றி அவர் வயலை மட்டும் விட்டுவைக்கவா செய்தது? அவருக்கும் வயிற்றெரிச்சல்தான்.

"பட்டாளத்தாரே, பாம்பன்ல ஒங்க அண்ணனப் பாத்தேன்" என்றார். "தை பொறந்ததும் பெரிய வலை போடுறாராம். ஆள் வேணுங்குறாரு. நீங்க வந்தா வரட்டும்னு சொல்லிவிட்டாரு."

"அணியத்துக்கா?" சூசைமுத்துவுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

ஹமீது சுல்தான் தாடியைத் தடவிக்கொண்டார். "அணியத்துக்கு ஆள் இருக்காம். வலை இழுக்கக் கூலிக்கு."

அடுப்படியிலிருந்து லீமாரோஸ் வெளியே வந்தாள். அவளும் தங்கச்சிமடத்துக்காரிதான். இரண்டு வருஷமாக அரை வயிற்றுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தவள்.

"இங்க பாருங்க. இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நான் பொட்டியக் கட்டிருவேன். ரோசத்த உலையில போட்டு வேகவச்சுத் திங்க முடியாது. கூலிக்கின்னாலும் ஒங்க அண்ணன்தான் கூப்பிடுறாரு, போவோம்."

"பன்னியச் சுட்டுட்டாப் போக வேண்டாம்ல?"

"எதால சுடுவீக? அந்த ஒலக்கையாலயா? மரைக்காரு எத்தன வாட்டி தாரேன்னு சொல்லிட்டாரு. அவரு ரெட்டக்குழல வாங்கி ஒரு நாளைக்குச் சுட்டுப் பாத்தா என்ன கொறஞ்சு போகும்?"

"கொறஞ்சு போகும்."

"என்னது?"

"நான்."

ஹமீது சுல்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பாம்பன் போவதாகவும், அதற்குள் அண்ணனுக்கு ஒரு பதில் சொல்லி அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சூசைமுத்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தான். அவனுக்குக் கடலோடு கோபம் இல்லை. கடலை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். ஆனால் வத்தையின் பின்தலையில் உட்கார்ந்து, அணியத்தில் நிற்கிற இன்னொருவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வலை இழுப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தத் துண்டு நிலத்தில் அவன் யாருக்கும் பின்னால் உட்காரவில்லை. அது போய்விட்டால் அவனுக்கு நிற்க இடம் இல்லை. எண்ணெய்த் துணியை வைத்துக்கொண்டு அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கடைசி முயற்சி என்று ஏற்பாடு ஆயிற்று. பன்றி விடியும் வரை வயலில் மேய்ந்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் கண்மாய்க்குத் திரும்பும். அது திரும்புகிற பாதையைக் கூத்தையா கண்டு வைத்திருந்தான். வாய் கேலி பேசினாலும், பன்றி அவன் வயலையும்தான் உழப்பியிருந்தது. அவன் மேற்கே தகரத்தோடு நிற்பது. ஹமீது சுல்தான் விடியற்காலைச் சுபுஹு தொழுதுவிட்டுத் தெற்கிலிருந்து அதட்டிக்கொண்டு வருவது. சூசைமுத்து கண்மாய்க் கரையில் காத்திருப்பது.

"நான் ரெட்டக்குழலோட வாரேன்" என்று ஹமீது சுல்தான் சொல்லியிருந்தார். "பக்கத்துல வந்து சிக்கினா, ஹராமோ கிராமோ, போட்டுத் தள்ளிருவேன். அல்லாஹ் மன்னிப்பான்."

"ஒங்க பக்கம் வராது, மரைக்காரே. எனக்குன்னு வாரது அது" என்றான் சூசைமுத்து. சொன்ன பிறகுதான் அவனுக்கே பயம் வந்தது.

கரையில் ஒரு பூவரசு. அதன் அடியில் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தான். காற்று முகத்துக்கு நேரே வீசியது. சுறா எண்ணெயின் நாற்றம் வயலுக்கும் கண்மாய்க்கும் போகாமல் பின்னால் நழுவிப் போயிற்று. கிழக்கே வெளுத்தது. தெற்கில் ஹமீது சுல்தானின் குரல் கேட்டது, பிறகு மேற்கே கூத்தையாவின் தகரம்.

நெற்கதிர்கள் அசைந்தன. பன்றி வெளியே வந்தது. ஓடி வரவில்லை, விருந்து சாப்பிட்டு வீட்டுக்குப் போகிற பெரிய மனுஷன் மாதிரி, ஆற அமர நடந்து வந்தது. வரப்பைத் தாண்டி, காட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் கண்மாய்த் தண்ணீருக்குள் இறங்கியது. பூவரசிலிருந்து எண்பது கஜம் இருக்கும். அந்தத் தூரத்துக்கு ரெட்டைக்குழலின் சிதறு குண்டு போனால் பன்றிக்குச் சொறிந்துவிட்டது மாதிரிதான் இருக்கும். ஹமீது சுல்தானுக்கும் அது தெரிந்தது. தெற்கு வரப்பில் துப்பாக்கியை இறக்கிவிட்டு நின்றுகொண்டார். இனி சூசைமுத்து பாடு.

அவன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். பன்றி பாதி வயிறு வரைக்கும் நனைந்து நின்றது. சூரியன் கிளம்பி, கண்மாய் முழுக்கப் பளபளவென்று ஆகிவிட்டது. தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு முதுகு. சூசைமுத்துவின் கண்ணில் பன்றி இல்லை. காலுக்குக் கீழே கரையும் இல்லை, வத்தையின் அணியம்தான் ஆடியது. குறிமுள்ளைப் பன்றியின் நட்ட நடு உடம்பில் வைத்தவன், விசையில் விரல் அழுந்துகிற நேரத்தில் கையைத் தாழ்த்திவிட்டான். தாழ்த்த வேண்டும் என்று நினைத்துத் தாழ்த்தவில்லை. தண்ணீரில் நிற்பதைப் பார்த்தால் தங்கச்சிமடத்துக் கை அப்படித்தான் போகும். குறி பன்றியை விட்டு இறங்கி, தண்ணீர்க் கோட்டில் போய் நின்றது.

'போச்சு, தண்ணியில சுடுறேன்' என்று மனசு கத்தியது. அதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது.

உதையில் அவன் பூவரசின் மேல் போய் மோதினான். நிமிர்ந்து பார்த்தபோது பன்றி நின்ற இடத்தில் நிற்கவில்லை. கால் நாலும் மேலே தெரிய, தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. ஓர் உதறல் கூட இல்லை.

தெற்கு வரப்பிலிருந்து "யா அல்லாஹ்!" என்று ஒரு சத்தம். மேற்கே தகரம் நின்றுபோயிற்று.

சூசைமுத்து துப்பாக்கியைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தான். சந்தோஷத்தைவிட அவனுக்கு ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. தான் குறி வைத்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் பட்டிருந்தால் குண்டு தண்ணீரில்தான் விழுந்திருக்க வேண்டும். பன்றியைப் புரட்டிப் பார்த்தான். முன்னங்காலுக்குப் பின்னால், இதயத்துக்கு நேரே ஓட்டை. விரலை விரித்து வைத்துப் பார்த்தான். அது நின்றபோது தண்ணீர் தொட்டிருந்த வயிற்று மட்டத்திலிருந்து சரியாக ஒரு சாண் மேலே.

தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான். போன வருஷம் பன்றிக்கு மேலே போனதும் ஒரு சாண். இந்த மார்கழியில் பனையில் இறங்கியதும் ஒரு சாண். தோட்டா ஒரு நாளும் நமுக்கவில்லை. பின்குறியில் போட்டிருக்கிற தூர எண்களில் மிகச் சிறியதே முந்நூறு கஜம். அதற்குள் கிட்டே நிற்பதைச் சுட்டால் குண்டு மேலேதான் போகும். பர்மாவில் ஹவில்தார் தொண்டை கிழியக் கத்துவார், எதிரியின் இடுப்புப் பெல்ட்டைப் பார்த்துச் சுடு என்று. பெல்ட்டைக் குறி வைத்தால் நெஞ்சில் பட்டது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பட்டாளத்தில் கேட்கவும் கூடாது. நிமிர்ந்து நிற்கிற மனுஷனுக்கென்று போட்ட குறி அது. குட்டைக்கால் பன்றிக்கு அவன் நடு உடம்பையே குறி வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

ஊரே கரைக்கு வந்துவிட்டது. கூத்தையாவும் இன்னும் சிலரும் மூங்கிலைக் கொடுத்துப் பன்றியைத் தூக்கிக் கரையேற்றினார்கள். ஹமீது சுல்தான் அதன் பக்கத்தில் வராமல் பத்தடி தள்ளி நின்றார். ஆனால் பூவரசடியில் கிடந்த துப்பாக்கியைக் குனிந்து எடுத்து, தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அதத்தான் தொடக் கூடாது. இதத் தொடலாம்ல?" என்றார். "எம்மாங் கனம்! இந்தத் தூரத்துல இந்த அடி. என்னோடத இனிமே கௌதாரிக்கு வச்சுக்கிறேன். எங்க குறி வச்சிய, பட்டாளத்தாரே?"

பொய் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் சூசைமுத்துவுக்கு உண்மையே பெரிய பெருமையாக இருந்தது.

"தண்ணியில" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரு சாண் கீழ. இது மேல சுடும் துப்பாக்கி, மரைக்காரே. கடல்ல ஈட்டி எறிஞ்ச கை எனக்கு, கீழதான் போகும். ரெண்டும் இன்னைக்குத்தான் ஒண்ணையொண்ணு கண்டுக்கிட்டுச்சு."

"அப்ப இத்தன நாளும் துப்பாக்கி கோணலாத்தான் சுட்டுருக்கு" என்றான் கூத்தையா.

"துப்பாக்கி சரியாத்தான் சுட்டுருக்கு. நாந்தான் அதுக்குக் கோணலாக் காட்டியிருக்கேன். இனி காட்ட மாட்டேன்."

கூத்தையா தலையைச் சொறிந்தான். "கண்மாய்க்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு கூட்டம் திரியுது மாப்ள. எங்க மாமன் வயலுக்கும் ஒரு நட வாரியளா?"

அதற்குள் லீமாரோஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பன்றியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே சேறும் தண்ணீருமாக, சட்டையில் ரத்தத்தோடு, கல்யாணத்தன்று கோயில் வாசலில் நின்ற அதே நெஞ்சு நிமிர்வோடு நின்றான் அவன். அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் கூத்தையா பக்கம் திரும்பினாள்.

"சும்மா வாரியளான்னு கேட்டா எப்புடி? பட்டாளத்துல இருந்தவரு. வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடுங்க, வருவாரு."

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு யார் மேல் என்று சூசைமுத்துவுக்குத் தெரியும். அவனும் சேர்ந்து சிரித்தான்.

ஹமீது சுல்தான் துப்பாக்கியை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். பாம்பன் ரயிலைப் பிடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது.

"அப்ப ஒங்க அண்ணனுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

சூசைமுத்து துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். கோபமாக ஒரு பதிலை வாரம் முழுவதும் தயாராக்கி வைத்திருந்தான். இப்போது தேடினால் அது கிடைக்கவில்லை. இந்தக் கையை அவன் எங்கே சம்பாதித்தான் என்பது அவனுக்கு மறக்கக்கூடிய விஷயமா?

"பன்னியச் சுட்டது ஒன் வத்தையில நின்ன கைதான்னு சொல்லுங்க" என்றான் கடைசியில். "அண்ணனுக்குச் சந்தோசமா இருக்கும்."

"சொல்றேன். வலைக்கு வாரதப் பத்திக் கேப்பாரே. வாரீகளா, இல்லையா?"

சூசைமுத்து வாயைத் திறப்பதற்குள் லீமாரோஸ் முந்திக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அசையாமல் நின்று சொன்னாள்:

"வாரோம்னு சொல்லுங்க, மரைக்காரே. அறுப்பு முடியட்டும். புது நெல்லுல ஒரு மூட்டையும், உப்புக்கண்டத்துல ஒரு கூடையும் கொண்டுக்கிட்டு வாரோம். கூலிக்கு இல்ல. விருந்துக்கு."